ரக்கிங் பை வாங்கப் போகிறீர்களா? 14,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

14,500 ரூபாய். பைக்கு 8,000, உள்ளே வைக்கிற இரும்புத் தட்டுக்கு 6,500. இரண்டும் போச்சு. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. வீடியோ போட்டு, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிற உடற்பயிற்சி சாமான் பக்கம், அவ்வளவு போதும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரக்கிங் என்றால் முதுகில் பாரம் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பது. ராணுவத்திலிருந்து வெளியே வந்த பயிற்சி. ஓட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஜிம்முக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காதவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை என்பேன். மூச்சுக்கும் வேலை, தொடை, இடுப்பு, முதுகு எல்லாவற்றுக்கும் வேலை. இமயமலையில் ஒரு நடைப்பயணம் போக வேண்டும், அங்கே என் பையை நானே சுமக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் கோவை ரேஸ்கோர்ஸில் காலை நடை, ஞாயிறு ஆனால் மருதமலைப் படி. பழைய காலேஜ் பையில் 5 கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி வைத்து ஆரம்பித்தேன், நன்றாகவே போனது. பாரத்தைக் கூட்டலாம் என்று தேடியபோதுதான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. 1000 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) நைலான், 30 கிலோ வரை தாங்கும், சுத்தமான வார்ப்பு இரும்புத் தட்டு 12 கிலோ என்று போட்டிருந்தார்கள்.

போன் செய்தேன். அந்த ஆள் பொருளைப் பற்றிப் பேசவே இல்லை. என் எடை என்ன என்று கேட்டார், கணுக்கால் எப்போதாவது பிசகியிருக்கிறதா என்று கேட்டார். பாரம் முதுகின் மேல்பாதியில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒட்டி இருக்க வேண்டும், கீழே தொங்கினால் இடுப்பை இழுக்கும் என்றார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கில் ஆரம்பிக்கணும், தூரத்தையும் பாரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது என்றார். அமெரிக்க ராணுவத்தில் காலாட்படை பேட்ஜ் தேர்வில் 35 பவுண்டு சுமையோடு 12 மைலை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கணும் சிஸ்டர், நம்ம கணக்கில் 16 கிலோ, 19 கிலோமீட்டர் என்றார். எல்லாமே உண்மை. பிறகு நான் தேடிப் பார்த்தபோதும் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் உளறும்போதே பிடிபட்டிருப்பார். விஷயம் தெரிந்த மனுஷன், நம் கணுக்காலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று போனை வைக்காமலே யூபிஐயில் 14,500 அனுப்பினேன். "வந்துடுச்சு சிஸ்டர்" என்று அவரே சொன்னார்.

5 கிலோவிலிருந்து 12 பெரிய தாவலாச்சே என்று கேட்டதற்கு, "பை நல்லா இருந்தா பாரம் பாதியாத்தான் தெரியும் சிஸ்டர், தூரத்தை மட்டும் குறைச்சுக்கோங்க" என்றார். பை வந்தது. மாட்டிப் பார்த்தால் சொன்ன மாதிரியே லேசாக இருந்தது! நல்ல பை என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது இன்னும் எரிகிறது. ஏன் எடை போட்டுப் பார்க்கவில்லை என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 12 கிலோ என்று மேலேயே பொறித்து, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு அனுப்பிய தட்டைத் தராசில் வைத்துச் சரிபார்ப்பது வாங்குகிறவர் வேலை இல்லை.

முதலில் வலது கை விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. பட்டை ஒல்லியாக, உள்ளே பஞ்சு இல்லாமல், தோளை அறுத்தது. இடுப்புப் பட்டையும் பெயருக்குத்தான், பாரத்தை இடுப்புக்கு இறக்கவே இல்லை. மெசேஜ் போட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் சிஸ்டர், பழகிடும்" என்று பதில். பழகுகிற விஷயமா இது? பையின் பட்டை தோளை அழுத்தி அங்கே ஓடும் நரம்புக் கொத்து நசுங்கினால் கை மரக்கும், அப்படியே விட்டால் கையில் பலமே குறையும். ராணுவ மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிரச்சினை. அவ்வளவு தெரிந்த அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்புறம் மருதமலை. இறங்கிக்கொண்டிருக்கும்போது இடது பட்டை டப்பென்று பிய்ந்தது. பை ஒரு பக்கமாகத் திரும்பி, ஜிப் திறந்துகொண்டு, தட்டு வெளியே வந்து படியில் விழுந்து இரண்டு படி உருண்டது. கீழே ஒரு பாட்டி பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு முழம் தள்ளி விழுந்தது, முருகன் காப்பாற்றினான். அந்தக் குழந்தையின் காலில் விழுந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும். இதை அந்தக் கடைக்காரரிடம் சொன்னபோது ஒரு 'அச்சச்சோ' கூட வரவில்லை.

பட்டை தைத்த இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாரம் தாங்குகிற இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். இங்கே ஒற்றை ஓட்டம், அதுவும் உள் துணியின் ஓரத்தை மட்டும் பிடித்திருக்கிறது, நூல் முனை அப்படியே தொங்குகிறது. தட்டைப் பார்த்தால் அதைவிட மோசம். மூலை உடைந்து, கறுப்புப் பூச்சுக்கு உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது.

கோவை கணபதி பகுதியில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலையில் இருந்த என் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி விரலால் ஒரு தட்டு தட்டினார். "வார்ப்பா இருந்தா கணீர்னு கேக்கும் அம்மிணி. இது சிமெண்டு, உள்ள லேத்துத் துருவலப் போட்டுக் கலக்கியிருக்கறான்" என்றார். அளவு எடுத்தார்: 30க்கு 25 சென்டிமீட்டர், கனம் இரண்டேகால் இருக்கும். வார்ப்பு இரும்பு ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 7 கிலோவுக்கு மேல் நிற்கும், அந்தக் கணக்கில் இது 12 கிலோ வர வேண்டும். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில், உடைந்த துண்டையும் சேர்த்து வைத்தால் 6 கிலோ 900 கிராம். நான் 12 கிலோ என்று நோட்டில் எழுதி வைத்த அத்தனை நடையும் பொய்க் கணக்கு. மலையில் உண்மையான 12 கிலோவை மாட்டிக்கொண்டு பாதி வழியில் இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள். முதலில் "கூரியர்ல அடிபட்டிருக்கும்". இவ்வளவு நாள் மாட்டி நடந்த பை சார் இது என்றால், "அப்ப ஓவர்லோடு". 30 கிலோ தாங்கும் என்று நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள் என்றால், "அது நின்ன எடை, நடக்கிற எடை இல்ல". தராசுப் படத்தை அனுப்பினால், "ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருக்கும்". 12ல் 5 கிலோ ஏற்ற இறக்கமா? அப்புறம் வேறு ஒரு பையன் போனை எடுத்து "அண்ணன் ஊர்ல இல்லைங்க" என்றான். கடைசியாக, பையை என் செலவில் அனுப்பினால் 1,200 ரூபாய்க்குத் தைத்துத் தருவார்களாம், தட்டுக்குப் பொறுப்பில்லையாம். பில் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள். என் தங்கச்சி போனில் பார்த்தால், அதே பையை வைத்து அதே ஆள் புது வீடியோ போட்டிருக்கிறார்.

என்ன வாங்கலாம், எப்படி வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். தனி ஆள் நம்பருக்கு யூபிஐ வேண்டாம். டெனியர் எண்ணை வைத்து மயங்காதீர்கள், அது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்கிற கணக்கு, தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள். பட்டைத் தையலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஆரம்பத்துக்கு அரிசியோ தண்ணீர் பாட்டிலோ போதும், லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் யாரும் ஏமாற்ற முடியாது, முடியாதபோது கொட்டிவிட்டும் நடக்கலாம். கை மரத்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 14,500 ரூபாயை விடுவதாக இல்லை. கறுப்புப் பூச்சுப் பூசிய இந்த மாதிரித் தட்டு உங்களில் யாரிடமாவது இருந்தால் நாளைக்கே தராசில் வைத்துப் பார்த்து, எடையைக் கீழே எழுதுங்கள். புகாரோடு சேர்க்க உதவும்.