ஏலத்துல கோசோங்னு (மருந்தில்லாத காலி) சொல்லி வித்த தோட்டா கோசோங் இல்ல, சண்டைக்காலத்து சாமான் வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

பழைய சாமான் சேக்குற அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும், முக்கியமா லைவ் ஏலத்துல ஜப்பான்காரன் காலத்து சாமான் எடுக்குறவங்களுக்கு இத எழுதறேன். போன மாசம் 1,850 மலேசிய வெள்ளி குடுத்து அஞ்சு தோட்டா இருக்குற ஒரு செட் எடுத்தேன். பலகையில பதிச்சு, மேல கண்ணாடி போட்டு, கீழ பேர் எழுதி பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சும் கோசோங், உள்ள மருந்து கிடையாது, சும்மா அலங்காரத்துக்குன்னு ஏலம் விட்டவன் மூணு தடவை சொன்னான். அதுல ஒண்ணு மருந்தோட இருந்துச்சு. ரெண்டு நாள் அது எங்க ஹால்ல, என் மக படிக்கிற மேசைக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. காசு போனது எனக்கு ரெண்டாவதுதான், இத நெனச்சாத்தான் இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது.

நான் இதுக்குப் புதுசு இல்ல. எங்க தாத்தா கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு, காட்டுப்பன்னி சுடப்போற துரைக்கு ராத்திரில லாந்தர் புடிச்சுக்கிட்டு கூடப் போவாராம், துரை தூக்கிப் போட்ட ஈலி கம்பெனி தோட்டா அட்டைப்பெட்டி ஒண்ண எடுத்துட்டு வந்து அதுலதான் கடைசி வரைக்கும் வெத்தலை பாக்கு வச்சிருந்தாரு. அவரோட அண்ணன ஜப்பான்காரன் சயாம் ரயில் போட கூட்டிட்டுப் போனான், திரும்பி வரல. அந்த அட்டைப்பெட்டி இப்ப என்கிட்ட இருக்கு. அதுல ஆரம்பிச்சு தோட்டா வர்ற காயிதப் பொட்டலம், அஞ்சு அஞ்சா கோக்குற இரும்பு கிளிப், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுன்னு இருபது வருஷமா சேக்குறேன், ஞாயித்துக்கிழமை காலையில பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் வர்றவங்க சிலருக்கு என் மூஞ்சி தெரிஞ்சிருக்கும். தோட்டா மட்டும் வாங்குனதே இல்ல, ஏன்னா நம்ம நாட்டு சட்டம் தெரியும். இந்தத் தடவ வாங்குனதுக்கு ஒரே காரணம் அந்தக் கம்பார் கதை.

ஏலம் விட்டவன் நம்மாளுதான், கே.எல். பக்கம், நல்லா பேசுவான். பேர் போடல, போலீஸ்ல விசாரணை நடக்குது. அவன் சொன்னது என்னன்னா செட்ல இருக்குற ரெண்டு 303 தோட்டாவும் (பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி சைஸ்) பேராக்ல இருக்குற கம்பார் கிரீன் ரிட்ஜ் மேட்டுல தோண்டி எடுத்ததாம், மார்ட்டினி ஹென்றிங்குற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கித் தோட்டா பாசிர் சாலாக்ல பேராக் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் துரைய கொன்னதுக்கு அப்புறம் நடந்த சண்டையில உள்ளதாம், அதுகூட ஒரு ஸ்னைடரு (அதுக்கும் முந்தின பிரிட்டிஷ் துப்பாக்கியோடது), ஒரு ஜப்பான் 6.5 எம்எம். கம்பார் சண்டை 1941 டிசம்பர் 30ல ஆரம்பிச்சு 1942 ஜனவரி 2 வரைக்கும் நடந்தது, ஜித்ராவுல சிதறிப்போன 11ஆவது இந்தியன் டிவிஷன் ஆளுங்க அங்க நின்னு ஜப்பான்காரன நாலு நாள் புடிச்சு வச்சாங்க, சீக்கியருங்க துப்பாக்கி முனையில கத்தி மாட்டிக்கிட்டு மேட்டுல ஏறுனாங்க. அந்த மேட்டுல கெடந்த ஒரு பித்தளைத் துண்டு நம்ம வீட்டுல இருக்கணும்னு எனக்கு ஆசை, அந்த ஆசையத்தான் அவன் வித்தான்.

ஏலம் 400 வெள்ளியில ஆரம்பிச்சுச்சு. ரெண்டு பேர் மட்டும் என்கூட விடாம ஏத்திக்கிட்டே வந்தாங்க, ரெண்டு பேரு அக்கௌண்ட்டும் பூப்படம், நான் 1,850 சொன்னதும் ரெண்டும் ஒரே நேரத்துல அமைதி. அப்புறமா அவனோட பழைய லைவ் எல்லாம் போய்ப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே ரெண்டு பேர்தான் ஏத்தி விடுறாங்க, ஒண்ணக்கூட ஜெயிக்கல. இத நான் காசு கட்டுறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். அதுக்கு மேல 10 பர்சன்ட் கமிஷன் வேற, ஆரம்பத்துல சொல்லவே இல்ல. பணம் போட சொன்ன அக்கௌண்ட் பேரும் அவன் பேரும் வேற வேற, தங்கச்சி அக்கௌண்ட்னு சொன்னான், நானும் போட்டுட்டேன்.

சாமான் குரியர்ல வந்துச்சு, பொட்டலத்து மேல வீட்டு அலங்காரப் பொருள்னு எழுதியிருந்துச்சு. அப்பவே எனக்கு உறுத்துச்சு. தோட்டாவ தபால்ல அனுப்பவே கூடாது, மருந்து எடுத்த ராணுவ சாமான், அதே மாதிரி செஞ்ச பொம்மை, இதக்கூட சர்வதேச தபால் விதியில தடைதான் பண்ணி வச்சிருக்காங்க. பெறவு கேட்டுக்கலாம்னு பலகைய மாட்டிட்டோம்.

ஞாயித்துக்கிழமை துடைக்கிறதுக்கு எறக்கி, கண்ணாடியக் கழட்டி லென்ஸ் வச்சுப் பாத்தேன். லைவ்ல அவன் எல்லாத்தையும் பக்கவாட்டுலதான் காட்டுனான், அடிப்பக்கம் காட்டவே இல்ல, ஆனா தோட்டாவோட ஜாதகமே அந்த அடியிலதான் இருக்கும், எந்த ஃபேக்டரி, எந்த வருஷம், எந்த மார்க், எல்லாம் அங்க குத்தியிருப்பான். 303ல ஒண்ணத் திருப்பிப் பாத்தா 43ன்னு இருக்கு. 1943ல செஞ்ச தோட்டா 1941 டிசம்பர்ல கம்பாருக்கு எப்படி வரும்? அப்படியே உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒண்ணொண்ணாப் பாத்தேன். 1871ல வந்த மார்ட்டினி ஹென்றிக்கு ஆரம்ப காலத்துல பிரிட்டிஷ் பட்டாளத்துக்குக் குடுத்த தோட்டா மெல்லிசுப் பித்தளைத் தகட்ட சுருட்டி செஞ்சது, அடித்தட்டு இரும்பு, காந்தம் வச்சா புடிக்கணும், கையில அழுத்துனா நசுங்குற மாதிரி இருக்கும். இது கெட்டிப் பித்தளைய லேத்துல கடைஞ்சது, சுத்திச் சுத்திப் போன கோடு கண்ணுலயே தெரியுது, காந்தம் ஒட்டல. 1875ல பாசிர் சாலாக்குக்கு இது போயிருக்க வழியே இல்ல. ஸ்னைடரும் அதே கை செஞ்சதுதான்.

ஜப்பான் 6.5லதான் ரொம்ப வேலை பண்ணியிருக்கான். ஜப்பான் தரைப்படை 6.5 தோட்டா அடியில பொதுவா எழுத்தே இருக்காது, இதுலயும் இல்ல, அதனால லைவ்ல யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க. ஆனா லென்ஸ்ல பாத்தா அடி முழுக்க அரம் போட்ட கீறல், ஒரு எழுத்தோட பாதி வால் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல இருந்த புல்லட்டு லேசா தொட்டதுமே கழண்டு வந்துச்சு, உள்ள டார்ச் அடிச்சா நடுவுல ஒரே ஓட்டை. அது பாக்ஸர் கேப்பு (கேப்புன்னா ஊசி குத்துனதும் மருந்துக்குத் தீ வைக்கிற அடிமூடி). அந்தக் காலத்து ஜப்பான் ராணுவத் தோட்டா பெர்டான் கேப்பு, அதுல நடுவுல ஓட்டை வராது, ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன ஓட்டை. பாக்ஸர் இங்கிலாந்துக்காரரு, அவரு முறை அமெரிக்காவுல நெலச்சுது, பெர்டான் அமெரிக்கக்காரரு, அவரோடது ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் போச்சு, இதத் தெரிஞ்சு வச்சிருந்தா பாதி டூப்ளிகேட் மாட்டிக்கும். சண்டை முடிஞ்சு பல வருஷம் கழிச்சு சுவீடன்ல இந்த சைஸ் தோட்டா செஞ்சு வித்தாங்க, எழுத்த அரத்தால தேச்சுட்டா ஜப்பான் சாமான் ரெடி.

கடைசியா அந்த ரெண்டு 303. ஒண்ணுல பக்கவாட்டுல ஓட்டை போட்டிருந்துச்சு, மருந்து எடுத்தாச்சுன்னு அடையாளத்துக்குப் போடுறது, லைவ்ல கேமராவுக்குக் காட்டுனது அததான். 43 போட்டதுல ஓட்டை இல்ல. அடியில கேப்பு புதுசு மாதிரி, ஊசி குத்துன தடமே இல்ல. மார்க் ரோமன்ல ஏழு, பக்கத்துல இசட். இசட்டுன்னா கார்டைட்ங்குற பழைய பிரிட்டிஷ் மருந்து இல்ல, நைட்ரோ செல்லுலோஸ் மருந்து. வீட்டுல நகை நிறுக்குற சின்னத் தராசு இருக்கு, ஓட்டை போட்டது இருபத்திரெண்டரை கிராம், இது இருபத்தஞ்சு. மார்க் ஏழு புல்லட்டு 174 கிரெய்ன், பதினோரு கிராம் சொச்சம், கூடு அதே அளவு வரும், மீதி ரெண்டரை கிராம் எங்கேருந்து வந்துச்சு? அது மருந்துதான். கை நடுங்கிப்போச்சு. நான் அதத் தொட்டே இருக்கக் கூடாது, தராசுல வச்சது தப்பு, நீங்க யாரும் நிறுத்துப் பாக்காதீங்க, ஆட்டாதீங்க, புல்லட்ட இழுக்காதீங்க, ஓட்டை போடப் போகவே போகாதீங்க.

பக்கத்து வீட்டு அங்கிள் போலீஸ்ல சார்ஜனா இருந்து ரிட்டையர் ஆனவரு, அவரத்தான் கூப்பிட்டேன். வாசல்லயே நின்னு, "தம்பி, அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும், பிள்ளைங்கள வெளியே கூட்டிட்டுப் போ, கார்ல போட்டுக்கிட்டு போலீஸ் பாலாய்க்குப் (ஸ்டேஷனுக்கு) போயிடாத, வழியில ரோட் பிளாக்ல நிப்பாட்டுனா நீ என்ன சொல்லுவ"ன்னாரு. அவரே போன் போட்டுக் குடுத்தாரு. வந்தாங்க, பலகையோட எடுத்துட்டுப் போனாங்க, நான் போய் நாலு மணி நேரம் வாக்குமூலம் குடுத்தேன், போனையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. நானா போய் ரிப்போர்ட் பண்ணது, ஏலத்து மெசேஜ் எல்லாம் அழிக்காம வச்சிருந்தது, இதெல்லாம் இருந்ததால இது வரைக்கும் என் மேல கேஸ் இல்ல. எல்லாருக்கும் இப்படியே முடியும்னு நெனைக்காதீங்க. ஆர்ம்ஸ் ஆக்ட் 1960 செக்ஷன் 8ல லைசன்ஸ் இல்லாம தோட்டா வச்சிருந்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 10,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். 2012ல எடுத்துட்ட ஐஎஸ்ஏ (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்துல பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல தோட்டா வச்சிருந்தா தூக்குன்னு இருந்துச்சு. அவ்வளவு தூரம் போன நாடு இது.

ஏலக்காரனுக்கு அன்னைக்கே மெசேஜ் போட்டேன். "அண்ணே டென்ஷன் ஆகாதீங்க, நூறு வருஷ சாமான், ஆண்டிக், ஆண்டிக்குக்கு லைசன்ஸ் தேவையில்ல"ன்னு பதில். 1943க்கு இன்னும் நூறு வருஷம் ஆகல, அது ஒரு பக்கம். அமெரிக்காவுல 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கிய ஆண்டிக்னு தனியா வச்சுப் பாப்பாங்க, அந்த நாட்டு ஏலப் புத்தகத்துல படிச்சத இங்க வந்து ஒப்பிக்கிறான். நம்ம நாட்டுல எதுக்கு லைசன்ஸ் வேணும் வேணாம்னு போலீஸ்தான் சொல்லணும், ஏலம் விடுறவன் இல்ல. காசத் திருப்பிக் குடுன்னு கேட்டேன், சாமானத் திருப்பி அனுப்புங்க பாக்கலாம்னான். போலீஸ்ல இருக்குற சாமான நான் எப்படி அனுப்புவேன்? அதுவும் திரும்ப குரியர்லயா? ரெண்டாவது நாள் பிளாக் பண்ணிட்டான். அந்தத் தங்கச்சி அக்கௌண்ட் நம்பர மோசடி அக்கௌண்ட் பாக்குற போலீஸ் வெப்சைட் ஸெமாக் மியூல்ல போட்டுப் பாத்தா ஏற்கனவே அது மேல ரிப்போர்ட் இருக்கு. பணம் போட்ட உடனே தெரிஞ்சிருந்தா மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிச்சிருப்பேன், நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாளு ஓடிப்போச்சு.

கம்பார், ஜித்ரா, பாசிர் சாலாக்னு ஊர் பேர் சொல்லி வித்தா அடிப்பக்கத்த க்ளோஸ் அப்ல காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா விட்டுடுங்க. முனை சப்பையா இருக்குற எத எடுத்தாலும் டம்டம் தோட்டான்னு வெலைய ஏத்துறதும் இவங்க வேலைதான், அது கல்கத்தா பக்கத்துல டம்டம் ஃபேக்டரில செஞ்ச ஒரு வகை, 1899லயே ஹேக் மாநாட்டுல அந்த மாதிரி விரியுற புல்லட்டு கூடாதுன்னு பேசி முடிச்சுட்டாங்க, அடிபட்டு சப்பையானதெல்லாம் டம்டம் ஆயிடாது. ஏற்கனவே யாராச்சும் இவன்கிட்ட பலகை வாங்கி மாட்டியிருந்தா, பக்கவாட்டுல ஓட்டை இருக்கான்னு தூரத்துல நின்னு பாருங்க, தொடாதீங்க, ஓட்டை இல்லன்னா போலீஸுக்குப் போன் பண்ணுங்க, வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிச்சு வைக்காதீங்க, கடல்ல கொண்டு போய்ப் போடவும் போகாதீங்க.

நேத்து ராத்திரி தம்பி ஒருத்தன் போன்ல ஒரு லைவ் ஏலத்தக் காட்டுனான். வேற பேரு, வேற லோகோ, ஆனா அதே பலகை, அதே கண்ணாடி, கீழ எழுதுன கையெழுத்துகூட அதேதான். இந்தத் தடவ ஊர் பேரு மட்டும் தைப்பிங். 303 ரெண்டு இருந்துச்சு, ஒண்ணத்தான் கேமரா பக்கம் கொண்டு வந்தான். என் போலீஸ் ரிப்போர்ட் நம்பர அங்கேயே போடச் சொன்னேன், தம்பி போட்டான், அஞ்சு நிமிஷத்துல அவனையும் லைவ்லேருந்து தூக்கிட்டாங்க. அப்ப ஏலம் 300ல நின்னுச்சு, அந்தப் பூப்படம் ரெண்டும் உள்ள இருந்துச்சு.