கண்ணாடிக் கதவில் வெள்ளைப் படிவு: வினாகிரியா, தேசிக்காயா, அசிட்டா?

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான். தண்ணீரும் கறை வைக்கும் என்பது கல்யாணமாகி மாத்தளைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டும், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. குளியலறைக் கண்ணாடிக் கதவோ ஆறு மாதத்தில் பனி மூடியதுபோல் ஆகிவிட்டது.

மலையகத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானதுதான். மாத்தளை, திகன போன்ற இடங்களில் மட்டும் நிலத்தடியில் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் டொலமைட்டும் கிடக்கின்றன. தேயிலை மலையில் மண்ணின் புளிப்பை முறிக்கத் தூவுகிறார்களே, அதே டொலமைட். மழைநீர் இந்தக் கல்லை மெல்லக் கரைத்துக் கிணற்றில் சேர்க்கிறது. கண்ணாடியில் துளி காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், கல் தங்கிவிடும். புளிப்பை முறிக்கும் கல்லைப் புளிப்புதான் கரைக்கும். அதனால் எந்தப் புளிப்பு என்பதுதான் கேள்வி.

நான் முதலில் கை வைத்தது தேசிக்காயில். பாதியாக வெட்டி உப்புத் தொட்டுத் தேய்த்தேன். குழாய்த் தலையைச் சுற்றியிருந்த பொருக்கு அழகாகக் கழன்றது. தேசிக்காய்ப் புளிப்பு வினாகிரியை விடச் சற்று வலுவானது, வாசமும் நல்லது. ஆனால் ஒரு முழுக் கதவுக்கு எத்தனை காய் வெட்டுவது? சாறு காய்ந்தால் பிசுபிசுக்கும். நன்றாக அலசாவிட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து புதிதாக ஒரு வெள்ளைப் படலத்தையும் விட்டுவிடும். குழாய்க்குத் தேசிக்காய் சரி, கதவுக்குச் சரிவராது.

கதவுக்கு வினாகிரிதான். கடையில் கிடைக்கும் நிறமற்ற செயற்கை வினாகிரி போதும், நல்ல தென்னை வினாகிரியை அச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் அசற்றிக் அமிலம் நாலைந்து வீதம்தான் என்பதால் தெளித்தவுடன் துடைத்தால் ஒன்றும் நடக்காது. பலர் "வினாகிரி வேலை செய்யவில்லை" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். லேசாகச் சூடாக்கி, டிசு தாளை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வழிந்தோடாமல் இருபது நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். பிறகு மெல்லிய துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பழைய படிவென்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். கதவடியில் ஒரு பழைய துவாயைப் போட்டுவிடுங்கள். தரை பளிங்கோ சீமெந்தோ என்றால் அதையும் புளிப்பு அரிக்கும்.

அசிட் என்று விற்கும் கழிப்பறைத் திரவம் வேகத்தில் இரண்டையும் வென்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். அதிலிருப்பது பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கதவைத் தாங்கும் பிணைச்சல், குழாயின் குரோம் பூச்சு, டைல் இடுக்குச் சீமெந்து எல்லாவற்றையும் தின்னும். ஒரே தடவைதான் பாவித்தேன். எங்கள் கதவுப் பிணைச்சலில் விழுந்த கருப்புப் புள்ளிகள் இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய பயம், குளோரின் திரவத்தோடு கலந்தால் எழும் நச்சுவாயு. ஜன்னல் சிறிதான குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் கதவுக்கு அசிட் வேண்டவே வேண்டாம்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலப்பது வீண். பொங்குவதைப் பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். அடுப்புச் சாம்பல் பாத்திர எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, சுண்ணாம்பை அசைக்காது, கண்ணாடியைக் கீறவும் கூடும்.

நுவரெலியா, அட்டன் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். உங்கள் கண்ணாடியில் இருப்பது பெரும்பாலும் சவர்க்காரப் பிசுக்காக இருக்கும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போதும். சந்தேகமென்றால் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். மெல்லக் குமிழி வந்தால் சுண்ணாம்பு.

எதற்கும் மசியாமல் மங்கலாகவே நிற்கும் இடத்தில் கண்ணாடியே அரிபட்டிருக்கலாம். அதைப் புளிப்பு சீராக்காது. கண்ணாடி மெருகேற்றும் சீரியம் ஒட்சைட்டுத் தூள்தான் வழி, அதுவும் கைபழகியவர் செய்ய வேண்டிய வேலை. எங்கள் கதவின் கீழ்மூலையில் கையகலத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது. அது பெரிதாகாமல் இருக்கத்தான் ரப்பர் வைப்பர் ஒன்றை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். கடைசியாகக் குளிப்பவர் கதவை வழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.