9 எச்பி டில்லரில் 13 எச்பி என்ஜின்: மூன்றரை வருட அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு வடக்கே எங்கள் தென்னந்தோப்பு. பாக் நீரிணைக் கரைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வாடைக்காற்று மாதங்களில் ஓலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தத் தோப்பில் 1996லிருந்து ஒரு பவர் டில்லர், அதாவது பின்னால் நடந்தபடி கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு வண்டி ஓடுகிறது, அப்பா வாங்கியது. ஒற்றை சிலிண்டர் டீசல், 9 எச்பி (குதிரைத்திறன்). 2022 ஜனவரியில் அதன் என்ஜினை இறக்கிவிட்டு 13 எச்பி என்ஜின் ஒன்றை ஏற்றினேன். இதுவரை 1,140 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஓடிய நேரத்தையும் ஊற்றிய டீசலையும் நோட்டில் குறித்து வைப்பது அப்பாவின் பழக்கம். நானும் அதை விடவில்லை.

நம் பக்கத்தில் பழைய டில்லர் என்றால் பெரும்பாலும் இரண்டு குடும்பம்தான். ஒன்று கேரளத்து அத்தாணியில் குபோட்டா தொழில்நுட்பத்தில் செய்த காம்கோ, இன்னொன்று மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் பெங்களூருவிலிருந்து வந்த விஎஸ்டி சக்தி. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தேங்காய் உரிக்க வரும் பெரியவர் ஒருவர் எங்கள் வண்டியை 'லான்ட்மாஸ்டர்' என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணத்தில் எந்த டில்லருக்கும் அதுதான் பெயராம்.

பழைய என்ஜினில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பிடிப்பு, போய்விட்டது. காலையில் வெள்ளைப் புகை, மண்ணைக் கிளறும் சுழல் கத்தியான ரோட்டரி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் திணறல். சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பிஸ்டன் மாற்ற ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால், நல்ல நிலையில் 13 எச்பி பழைய என்ஜின் ஒன்று கிடைப்பதாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

டில்லரில் என்ஜின் மாற்றுவது டிராக்டரைப் போலச் சிக்கலானதல்ல. டிராக்டரில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒட்டிப் பிறந்தவை, ஒரு மயிரிழை கோணினாலும் ஷாஃப்ட் தின்றுவிடும். டில்லரில் நடுவே மூன்று வி-பெல்ட்தான். பெல்ட் ஓடும் சக்கரங்களான என்ஜின் புல்லியும் கிளட்ச் புல்லியும் ஒரே நேர்கோட்டில் நின்றால் போதும். நூல் பிடித்துப் பார்த்துவிடலாம். இந்த எளிமையை நம்பித்தான் நானும் இறங்கினேன். நான்கு மாதம் தப்பாக ஓட்டியதும் இதே நம்பிக்கையில்தான்.

பழைய என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 9 எச்பி தருவது. புதியது 2400 சுற்றில் 13. எச்பி 44 சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்க்கிறோம். ஆனால் ஷாஃப்டின் முறுக்கு விசையைக் கணக்குப் போட்டால் கூடியது 20 சதவீதம்தான். மீதி முழுவதும் வேகம். பழைய என்ஜினில் இருந்த அதே 6 அங்குலப் புல்லியைப் போட்டு 2400ல் ஓட்டினால் கியர்பாக்ஸும் சக்கரமும் ரோட்டரியும் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். தார்ச்சாலையில் டிரெய்லர் கட்டி ஓட்டும்போது அது சுகமாக இருந்தது. தோப்புக்குள் வந்தால் கைப்பிடிக்குப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. மரத்துக்கு மரம் திருப்பும் இடத்தில் கிளட்ச் பிடிக்க அரை நொடி தாமதித்தாலும் தூரில் போய் இடிக்கும். கியர்பாக்ஸ் வேறு அதுவரை இல்லாத ஒரு ராகம் போட்டது.

ராமநாதபுரத்தில் எனக்கு எல்லாக் கடைசலும் செய்து தரும் லேத் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, ரெண்டாயிரம் பெருக்கல் ஆறு எவ்வளவு?" என்றார். "பன்னிரண்டாயிரம்ணே." "அதை ரெண்டாயிரத்து நானூறால வகு." சரியாக ஐந்து வந்தது. "அஞ்சு இஞ்சுப் புல்லி போடு. அதுக்குக் கீழ போயிடாத, இந்த பி சைஸ் பெல்ட்டு அதுக்கு மேல வளையாது."

ஐந்து அங்குலப் புல்லி போட்ட அன்றைக்குத்தான் 13 எச்பி என்றால் என்ன என்று தெரிந்தது. நடை வேகம் பழையபடியே, ஆனால் ரோட்டரி எங்கேயும் தளரவில்லை. கோரை வேர் பின்னிக் கிடக்கும் பள்ளத்தில்கூட சத்தம் மாறாமல் போனது.

ஆனால் ஒன்று. வேகம் அதே, சக்தி 44 சதவீதம் கூடுதல் என்றால், கியர்பாக்ஸ் தாங்க வேண்டிய விசையும் 44 சதவீதம் கூடுதல். 9 எச்பிக்காகச் செய்த பற்கள் அவை. அதனால் முதல் கியரில் முழு ஆக்சிலேட்டரில் பாரம் இழுப்பதை நிறுத்திவிட்டேன். கியர் ஆயிலைப் பாதி இடைவெளியிலேயே மாற்றுகிறேன். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். இதுவரை மாவு மாதிரிக் கறுப்புத்தான் ஒட்டுகிறது. துண்டு ஒன்று வந்தாலும் பிரித்துவிடுவேன்.

பெல்ட் இன்னொரு கதை. புல்லி சின்னதானால் பெல்ட் பிடிக்கும் இடமும் குறைகிறது. முதல் செட் ஏழு மாதம்தான் வந்தது, ரப்பர் கருகும் வாடையோடு. இப்போது உட்புறம் பல் வெட்டிய பெல்ட் போடுகிறேன், சின்னப் புல்லியில் நன்றாக வளைகிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் முழுவதும் அந்த ஒன்றின் தலையில்தான்.

எடை பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. புதிய என்ஜின் பழையதைவிட 20 கிலோ கூடுதல், அதுவும் அச்சுக்கு முன்னால். மூக்கு இறங்கி, கைப்பிடி தூக்கி, ரோட்டரி மண்ணில் இறங்க மறுத்தது. என்ஜின் உட்காரும் படுக்கைச் சட்டத்தின் ஓட்டைகளை நீளமாக வெட்டி என்ஜினை ஒன்றரை அங்குலம் பின்னுக்குத் தள்ளிய பிறகு சரியானது. ஆனால் அந்த வெட்டிய ஓட்டையிலிருந்துதான் அடுத்த வினையும் வந்தது. இரண்டாவது வருடம் ஒரு காலை, ஃபில்டரைக் கழுவக் குனிந்தபோது, சட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று விரலால் துடைத்தேன், போகவில்லை. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு என்ஜினைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கோடு ஈரமாகித் திறந்து மூடியது, மீன் செவுள் மாதிரி. அப்படியே நிறுத்தி, இரண்டு பக்கமும் கால் அங்குலத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் தகட்டை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

கடற்கரை மணலில் இழுவை? இதில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். தோப்பின் வடகோடியில் வெறும் மணல். தேங்காய் ஏற்றிய டிரெய்லர் பழைய என்ஜினில் அங்கே நின்றுவிடும், புதியதில் நிற்காமல் புதையும், அவ்வளவுதான் வித்தியாசம். சக்கரம் மண்ணைப் பிடிக்காதபோது எத்தனை எச்பி இருந்தும் பயனில்லை. டயரில் காற்றைக் குறைத்ததும், பாதையில் தென்னை மட்டை பரப்பியதும்தான் வேலை செய்தன. டிரெய்லர் இழுக்க மட்டுமே என்றால் இந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

அப்புறம் தண்ணீர். எங்கள் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து அடைத்துவிடும். பழைய என்ஜின் அப்படித்தான் சூடேறிச் செத்தது என்று அதைப் பிரித்தபோது தெரிந்தது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வழியெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசியதுபோல் இருந்தது. இப்போது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கூலன்ட் கலந்து ஊற்றுகிறேன். அது தீர்ந்தால் காவிரிக் குழாய்த் தண்ணீர். மூன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட கொதிக்கவில்லை.

டீசல் கணக்கு இது. முன்பு மணிக்கு ஒன்றேகால் லிட்டர், ஏக்கருக்கு ஐந்தரை மணி. இப்போது மணிக்கு 1.6 லிட்டர், நான்கு மணியில் ஏக்கர் முடிகிறது. ஏக்கருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் மிச்சம். ஆனால் தேய்ந்துபோன என்ஜினோடு ஒப்பிட்ட கணக்கு இது. பழையதைப் புதுப்பித்திருந்தாலும் இதில் பாதி முன்னேற்றம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமான ஒரே விஷயம் ஸ்டார்ட்டிங். பெரிய சிலிண்டர், ஹேண்டில் சுற்றக் கனம். அறுபத்தெட்டு வயது அப்பா பழைய வண்டியை ஒரே சுற்றில் எழுப்புவார். இதை அவரால் முடியவில்லை. நான் இல்லாத நாளில் டில்லர் கொட்டகையிலேயே நிற்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் வைக்க வசதியுள்ள என்ஜின் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

அவருக்காகப் பழைய 9 எச்பியைப் போன வருடம் போர் அடித்து, கிணற்றடியில் பம்ப்செட்டோடு மாட்டினேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. பெரிய மோட்டார் வைத்து வேகமாக உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். அதனால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, ஒரு மணி ஓட்டி இரண்டு மணி நிறுத்தி இறைக்கிறார். காலையில் டீ குடித்துவிட்டு அவரே போய் ஹேண்டில் போடுகிறார். ஒரே சுற்று.