ஜியோஜீப்ரா ஜியோமெட்ரி: சதுரத்தை இழுத்துப் பாருங்கள்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கோடு, கோட்டுத்துண்டு, கதிர் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். காகிதத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள். ஏ, பி என்று இரு புள்ளிகளைத் தொட்டால் கோடு திரையின் இரு விளிம்பையும் தாண்டி ஓடும். எவ்வளவு சுருக்கினாலும் அதன் முனை அகப்படாது. கதிர், முதலில் தொட்ட புள்ளியில் தொடங்கும். வரிசை மாறினால் எதிர்ப்பக்கம் பாயும். திரையைப் பெரிதாக்கினால் புள்ளிகளுக்கு இடையே தூரம் விரியும், புள்ளி பருக்காது. புள்ளிக்கு இடம் மட்டுமே உண்டு, அளவு இல்லை என்பதைப் பென்சிலால் இப்படிக் காட்ட முடியாது.

2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள் இது. உலாவியிலும் கைபேசியிலும் ஓடும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

இதன் உயிர் இழுத்துப் பார்ப்பதில் இருக்கிறது. கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளிகள் வைத்து இணைத்தால் சதுரம் மாதிரிதான் இருக்கும். ஒரு மூலையை நகர்த்தியதும் வெறும் நாற்கரமாகிவிடும். சதுரமாகவே நிற்க வேண்டுமானால் அதன் பண்புகளைக் கொண்டே வரைய வேண்டும்: கோட்டுத்துண்டு ஏபி; ஏ, பி இரண்டின் வழியாகவும் அதற்குச் செங்குத்துக் கோடுகள்; ஏ மையமாக, பி வழியாக ஒரு வட்டம்; வட்டமும் ஏ வழிச் செங்குத்தும் வெட்டுமிடம் டி; டி வழியாக ஏபிக்கு இணைகோடு; அது பி வழிச் செங்குத்தை வெட்டுமிடம் சி. இப்போது ஏயையோ பியையோ எங்கே இழுத்தாலும் சதுரம் சுழலும், வளரும், குலையாது. நீலப் புள்ளிகளை இஷ்டப்படி நகர்த்தலாம். அடர்நிறத்தில் இருப்பவை பிறவற்றைச் சார்ந்தவை, தனியாக நகராது. படம் குலைந்தால் முதலில் இந்த நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். வெட்டுப்புள்ளியைக் கண்ணளவில் வைத்திருந்தால் அது நீலமாக நின்று காட்டிக்கொடுக்கும். இன்டர்செக்ட் கருவியை எடுத்து இரு உருவங்களையும் தொடுவதே பாதுகாப்பு.

படம் முடிந்ததும் உதவிக்கு வரைந்த வட்டத்தை அழிப்பது அடுத்த தவறு. வட்டம் போனால் அதிலிருந்து பிறந்த டியும், அதோடு சதுரமும் போய்விடும். அழிக்காமல் மறைக்க வேண்டும்.

கோணக் கருவி பலரைத் திகைக்க வைக்கும். 60 பாகை வர வேண்டிய இடத்தில் 300 காட்டும். மென்பொருளில் பிழை இல்லை. மூன்று புள்ளிகளில் நடுவில் தொடுவது முனை. முதல் புள்ளியின் புயத்திலிருந்து மூன்றாவது புள்ளியின் புயம் வரை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளக்கிறது. தொடும் வரிசையை மாற்றலாம், அல்லது அமைப்பில் 0 முதல் 180 பாகை வரை என்று வரையறுக்கலாம். கவராயக் கருவியிலும் வரிசை முக்கியம்: முதலில் தூரத்துக்கு இரு புள்ளிகள், பிறகே மையம்.

முக்கோணத்தின் கோணங்கள் 59.34, 60.34, 60.33 என்று வந்து கூட்டுத்தொகை 180.01 ஆவதும் உண்டு. ஒவ்வொன்றையும் இரு தசம இடத்துக்கு முழுமையாக்கியதால் வருவது அது. ஆசிரியர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பிள்ளைகள் தேற்றத்தையே சந்தேகிப்பார்கள்.

கைபேசியில் விரல் தடிமன் ஒரு தொல்லை. புதுப் புள்ளி வைக்கப் போய்ப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டுவிடுவோம். பெரிதாக்கிக்கொண்டு தொடுங்கள், கணினி கிடைத்தால் அதுவே மேல்.

ஜியோமெட்ரி பாக்ஸுக்கு இது மாற்று ஆகாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் செய்முறை வடிவியலைக் கவராயமும் கோணமானியும் பிடித்துத்தான் வரைந்தாக வேண்டும். ஒவ்வொரு வரைமுறையையும் முதலில் காகிதத்தில் வரையச் சொல்லி, அதே படிகளை இங்கே செய்து இழுத்துப் பார்க்க வைப்பதே நல்ல முறை.