ஜிம்ப்ரா லைசென்ஸ் என்று பணம் கேட்டால், எந்த எடிஷன் என்று முதலில் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். ஜிம்ப்ரா என்பது சொந்த மெயில் சர்வர் நடத்த உதவும் மென்பொருள். மெயில் சர்வர் மாற்றப்போகும் சின்ன கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

2023 ஜூன். கிளவுட் மெயிலுக்கு மாதாமாதம் கட்டி மாளவில்லை என்று முதலாளி சலித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு வெண்டர் வந்தார். "சொந்த சர்வர் போட்டுக்கலாம் சார். ஜிம்ப்ரா லைசென்ஸ் ஒரு மெயில் பெட்டிக்கு வருஷம் 900 ரூபாய்தான். போன்ல காலண்டர், தினசரி பேக்கப் எல்லாம் அதுலயே அடக்கம்." 42 பெட்டிக்கு 37,800 ரூபாய். பில்லிலும் 'லைசென்ஸ்' என்றே இருந்தது.

போனில் மெயில் வந்தது, காலண்டர் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த அப்டேட்ல சரியாயிடும்". மறு வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் இருந்திருக்கிறது! லேப் டிப் (சாயச் சாம்பிள்) அப்ரூவல், சைஸ் சார்ட், பையர் ஒத்துக்கொண்ட விலை எல்லாம் அதோடு போயிற்று. பழைய மெயிலைத் திருப்பி அனுப்பச் சொல்லி எங்கள் மெர்ச்சன்டைசர் பிள்ளைகள் ஒவ்வொரு பையரிடமும் கெஞ்சியதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. சிலருடைய அவுட்லுக்கில் தங்கியிருந்த நகலிலிருந்து கொஞ்சம் மீட்டோம்.

புது டிஸ்க்கில் அதையே திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள். தெரிந்த தம்பி ஒருவர் உட்கார்ந்து ஜிம்ப்ராவின் இஸட்எம்கண்ட்ரோல் கட்டளையில் பதிப்பைக் கேட்டார். 8.8.15, வரியின் கடைசியில் 'எஃப்ஓஎஸ்எஸ் எடிஷன்'. அது இலவசப் பதிப்பு, அதற்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. பேக்கப்-ரீஸ்டோர் வசதியும் போனில் மெயிலோடு காலண்டரையும் கொண்டுவரும் ஆக்டிவ்சிங்க்கும் காசு கொடுத்து வாங்கும் நெட்வொர்க் எடிஷனில்தான் சேர்ந்து வரும். 8.8.15க்கான ஆதரவோ 2023 டிசம்பர் 31-லேயே முடிந்துவிட்டது. 9-ஆம் பதிப்பிலிருந்து இலவசப் பதிப்புக்கு ஜிம்ப்ரா மூல நிரலை (சோர்ஸ் கோடு) மட்டும்தான் தருகிறது, நிறுவத் தயாரான கோப்பாக வெளியிடுவதில்லை. வெண்டர் சொன்ன அப்டேட் எங்கிருந்து வரும்?

ஜிம்ப்ரா மேல் குறை சொல்லவில்லை. நிறுவவும் பார்த்துக்கொள்ளவும் கூலி என்று கேட்டிருந்தால் மனதாரக் கொடுத்திருப்போம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சோதனைக்கு ஒரு பெட்டியை அழித்து, வேறு மெஷினில் இருக்கும் பேக்கப்பிலிருந்து உங்கள் கண் முன்னால் மீட்டுக்காட்டச் சொல்லுங்கள். டொமைன், அந்தப் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் ஆகிய இரண்டின் லாகினும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எங்களுடையது வெண்டரிடம் இருந்தது. விலகுகிறோம் என்று சொன்ன பிறகு எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் இருக்கும் பதிவு) மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் இழுத்தடித்தார். அதுவரை பையர்கள் அனுப்பிய மெயிலெல்லாம் பழைய சர்வரிலேயே போய் விழுந்துகொண்டிருந்தது.