ஓப்பன்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம், ஐ3, ஸ்வே: பழைய கொம்பியூட்டருக்கு எது, ஈ-பேப்பருக்கு எது?

வன்னியில் ரியூசன் சென்டர்களிலும் சனசமூக நிலையங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கொம்பியூட்டர்கள் பல 2 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ள பழசுகள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இவற்றை ஏற்காது. லினக்ஸ் போட்டு, பாரமான டெஸ்க்டொப் சூழலை விட்டுவிட்டு, யன்னல்களைத் திரையில் வைத்து நகர்த்துகிற விண்டோ மனேஜர் என்ற மென்பொருளோடு மட்டும் ஓட்டினால் இவை இன்னும் சில வருடம் உழைக்கும். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: பலர் கைவைக்கிற மெஷினுக்கு ஐஸ்டபிள்யூஎம், ஒருவரே பாவிக்கிற மெஷினுக்கு ஐ3, ஈ-பேப்பருக்கு, அதாவது கிண்டிலில் இருப்பது போலக் கடதாசி மாதிரித் தெரிகிற திரைக்கு, ஸ்வே.

ஓப்பன்பாக்ஸ் நல்லதுதான், ஆனால் அது தருவது வலது கிளிக் மெனு மட்டும். கீழே பட்டை வேண்டுமென்றால் டின்ட்2 போல ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். கடைசி வெளியீடான 3.6.1 வந்தது 2015இல். ஐஸ்டபிள்யூஎம் 1997இலிருந்து இருக்கிறது, இன்னும் புதிய பதிப்புகள் வருகின்றன. பட்டை, மெனு, மணிக்கூடு எல்லாம் அதிலேயே உண்டு, விண்டோஸில் பழகிய பிள்ளை வந்து இருந்ததும் வேலையைத் தொடங்கலாம். அதே கதிரையில் ஐ3 இருந்தால் கிளிக் பண்ணித் திறக்க ஒன்றுமே இல்லாத திரைதான் தெரியும், குறுக்குவிசை தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

டீடபிள்யூஎம் என்ற இன்னொரு விண்டோ மனேஜர் ஏன் என் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். மூலநிரல் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்ற கொள்கையோடு எழுதப்பட்டது, அந்தச் சிக்கனம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனால் அது தலைப்பு எழுத்தை எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நிரல் நூலகம் மூலம் நேரடியாக வரைகிறது. தமிழுக்குத் தேவையான எழுத்து ஒழுங்குபடுத்தல் அங்கே நடப்பதில்லை. 'தேர்ச்சி அறிக்கை' என்ற கோப்பைத் திறந்தால் ஏகாரக் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டி நிற்கும். ஐ3, ஸ்வே, ஓப்பன்பாக்ஸ் மூன்றும் அந்த ஒழுங்குபடுத்தலைச் செய்கிற பாங்கோ என்ற நூலகத்தைப் பாவிப்பதால் தமிழ் சரியாக வரும். ஐஸ்டபிள்யூஎம் போட்டால் தமிழ்த் தலைப்பு சரியாக வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் பாவிக்கிற மெஷினில் தமிழ் உடைந்து தெரிவதை நான் ஒரு சின்னக் குறையாக எடுக்க மாட்டேன்.

ஈ-பேப்பருக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. இங்கே மத்தியான வெயிலில் விறாந்தையில் இருந்து எல்சிடி திரையைப் பார்க்க ஏலாது, ஈ-பேப்பரோ வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகும். அதன் கறுப்பு வெள்ளைத் துகள்கள் இடம்மாற நேரம் எடுக்கும். வேகமாக மாற்றினால் பழைய படத்தின் நிழல் மிஞ்சும், முழுதாகப் புதுப்பித்தால் திரை ஒருமுறை மினுங்கும். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ரேமை அல்ல, திரை எத்தனை தடவை மாறுகிறது என்பதை. யன்னலை மவுஸால் இழுத்தால் இழுக்கிற வழியெல்லாம் நிழல். ஐ3யும் ஸ்வேயும் யன்னல்களைத் தாமே பக்கம் பக்கமாக அடுக்கிவிடுவதால் இழுக்கிற வேலையே இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிற ராப் (tab) முறையில் போட்டால் ஒரு விசையில் ஒரு பக்கம் முழுசாக மாறும், புத்தகத்தில் பக்கம் திருப்புகிற மாதிரி. அசைவுக் காட்சிகளும் கிடையாது.

ஆனால் நிறுவியதும் வருகிற அமைப்பை அப்படியே விடாதீர்கள். ஸ்வேயின் பட்டை ஒவ்வொரு செக்கனும் நேரத்தைப் புதுப்பிக்கும். அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். நீங்கள் வேலை செய்கிற யன்னலுக்குக் கடும் நீலம், மற்றதுக்குக் கடும் சாம்பல், இரண்டும் ஈ-பேப்பர் காட்டுகிற 16 சாம்பல் நிறத்துக்குள் எளிதில் பிரித்துத் தெரியாது. வெள்ளை, கறுப்பு என்று மாற்றுங்கள். மவுஸ் போகிற இடமெல்லாம் யன்னல் மாறுவதையும் நிறுத்துங்கள். அப்புறம், டெர்மினலில் கேர்சர் துடிப்பதையும் நிறுத்துங்கள். மவுஸ் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஐஸ்டபிள்யூஎம்மில் ஒபேக்மூவ், ஒபேக்ரிசைஸ் இரண்டையும் 0 ஆக்கினால் இழுக்கும்போது வெறும் சட்டம் மட்டும் நகரும், நிழல் நன்றாகக் குறையும்.

ஐ3யா ஸ்வேயா என்பது பெரிய சண்டை இல்லை, அமைப்புக் கோப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். திரையில் படம் வரைய ஐ3 பாவிப்பது எக்ஸ்11 என்ற பழைய முறையை, ஸ்வே பாவிப்பது வேலண்ட் என்ற புதிய முறையை. மிகப் பழைய கிராஃபிக்ஸ் உள்ள மெஷினோடு எச்டிஎம்ஐ ஈ-பேப்பர் மொனிட்டர் பூட்டினால் ஐ3யே பாதுகாப்பு. பைன்நோட் போல 10.3 அங்குல, லினக்ஸ் ஓடுகிற கருவிக்கு ஸ்வே. கிண்டிலுக்குள்ளும் ஓசம் என்ற திறந்த மூல விண்டோ மனேஜர்தான் ஓடுகிறது, பலருக்கு இது தெரியாது.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஈ-பேப்பர் படத்தைக் கரண்ட் இல்லாமலே வைத்திருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முழு டெஸ்க்டொப் கொம்பியூட்டர் ஓடினால் அந்த மிச்சம் எங்கே? சோலார் பட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டரோடு பூட்டிப் பாருங்கள். அதன் ஓஎஸ் 2024 ஒக்டோபரிலிருந்து லேப்டபிள்யூசியோடு வருகிறது, அது ஓப்பன்பாக்ஸின் அமைப்பு முறையைப் பின்பற்றுகிற வேலண்ட் மனேஜர். ஸ்வேயை அதன் பக்கத்திலேயே நிறுவலாம்.