ஒரு ஜம்பர் மூடியைத் தள்ளி வைத்து 8,500 ரூபாய் கறந்துவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் விஷயமே புரிந்தது. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் மச்சானின் பனியன் கம்பெனி பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சூப்பர்மைக்ரோ எக்ஸ்10 வரிசை போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன மாதம் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓட ஆரம்பித்தது. போர்டில் தேதி, நேரத்தைக் காப்பாற்றும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் தீர்கிற வேலை, சோம்பேறித்தனத்தில் சர்வர் சர்வீஸ் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த ஆள் மணிக்கட்டில் ஆன்டி ஸ்டாடிக் பட்டையெல்லாம் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் வயர் வழியாக வெளியேற்றுவது) மாட்டிக்கொண்டு, "நீங்க டீ சாப்பிடுங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்றார். நம் ஊரில் யார் அதை மாட்டுகிறார்கள்? அங்கேதான் விழுந்தேன். பட்டையின் வயர் எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மறுநாள் போன். "டிஸ்பிளே வரலைங்ணா, போர்டுல இருக்கிற விஜிஏ சிப் போயிருச்சு, தனியா கார்டு போட்டுத் தரேன்." விஜிஏ என்றால் திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி. 8,500 ரூபாய். கொடுத்தேன்.

நேற்று ஃபேன் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று ஐபிஎம்ஐ, அதாவது சர்வரை நெட்வொர்க் வழியாகக் கண்காணிக்கும் வசதியின் பக்கத்தைத் திறந்தால் வெப்பநிலை, ஃபேன் வேகம் எல்லாம் அழகாக வருகிறது. இந்த போர்டில் விஜிஏ, ஐபிஎம்ஐ இரண்டுமே ஒரே ஏஎஸ்டி2400 சிப்தான். செத்த சிப் எப்படிப் பேசும்? டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜேபிஜி1 என்று எழுதிய மூன்று பின்னில், பக்கத்துப் பக்கத்து இரண்டு பின்னை இணைக்கிற கறுப்பு ஜம்பர் மூடி 2-3-ல் உட்கார்ந்திருக்கிறது. மேனுவலில் 1-2 என்றால் விஜிஏ உண்டு, 2-3 என்றால் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மாட்டும்போது நான் எடுத்த போட்டோவில் 1-2. பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, மூடியை ட்வீசரால் ஒரு பின் தள்ளி வைத்தேன். படம் வந்துவிட்டது. இதற்கு 8,500!

காலையில் போன் செய்தால் முதலில் "டெஸ்ட் பண்றப்ப மாறியிருக்கும்ணா". அப்புறம் "பையன் பார்த்த வேலைங்க, அவன் ஊருக்குப் போயிருக்கான்". கடைசியில் "பில் இருக்குதுங்களா?" பில் என்று அவர் கொடுத்ததே 'சர்வீஸ் 8,500' என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு. இப்போது எடுப்பதே இல்லை. மனைவி போனிலிருந்து கூப்பிட்டேன், ஒரே ரிங்கில் எடுத்தார், என் குரல் கேட்டதும் கட்.

எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. கொடுப்பதற்கு முன் ஜம்பர் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். மேனுவலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிமாஸ் கிளியர் (போர்டின் அடிப்படை செட்டிங்கை அழிப்பது) செய்ய ஜம்பரை மாற்றினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த போர்டில் அதற்கான ஜேபிடி1 வெறும் இரண்டு உலோகப் புள்ளிதான், மூடியே கிடையாது. பிளக்கைப் பிடுங்காமல் எதையும் தொடாதீர்கள்.

கார்டு மேசைமேல் கிடக்கிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.